முன்பனியில் ஒரு மெல்லோட்டம்

தமிழில் பனி என்னும் சொல் ஒன்றே. அது குறிக்கும் பொருள்களோ பல. மார்கழி மாதத்துப் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனி. ஆற்றங்கரையை மறைத்து நிற்கும் வெண்படலமும் பனி. உதகையில் டிசம்பர், சனவரித் திங்கள்களில் புல்வெளிமீது உப்பைத் தூவினாற்போல் படிவதும் பனி. இமயத்தில் பஞ்சுபோல் இறங்கி முழங்காலளவு குவிவதும் பனியே. வேண்டும்போது மூடுபனி, உறைபனி, வெண்பனி என்று அடைமொழி சேர்த்துக் கொள்கிறோம். ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த நம் முன்னோர், அவற்றுள் இரண்டுக்கு இச்சொல்லையே பெயராக இட்டனர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி.

விருத்தாசலத்தில் பிறந்து வளர்ந்த நான் இவற்றுள் முதலிரண்டு பனிகளை மட்டுமே கண்டவன். எங்கள் தெருவைச் சேர்ந்த படைவீரர் ஒருவர் காசுமீரத்தில் பணியாற்றித் திரும்பியவர். இரவு முழுதும் பனி பொழிந்து ஓய்ந்த காலையில், எவர் காலும் படாத வெண்பரப்பில் தோழர் ஒருவருடன் ஓடிய கதையை அவர் ஒருமுறை சொன்னார். "காலடிச் சத்தமே கேக்காது தம்பி. நாம ஓடுறமா நிக்கிறமான்னே சந்தேகம் வந்துடும்" என்றார். புதிதாய் விழுந்த பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்றே என்பதையும், அந்தக் காற்றறைகள் ஒலியை விழுங்கிவிடும் என்பதையும் பின்னர்ப் படித்துத் தெரிந்து கொண்டேன். ஆனால் அவர் சொன்ன மற்றொன்று என் மனத்தில் தங்கிவிட்டது. "வேகமா ஓடணும்னு நெனச்சா விழுந்துடுவோம். அதனால அங்க யாரும் வேகமா ஓட மாட்டாங்க. பேசிக்கிட்டே ஓடுவோம்."

லடாக்கில் உறைந்து கிடந்த பாங்காங் ஏரியின்மீது 2023 பிப்ரவரியில் 21 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று நடத்தினார்கள். அதற்கெல்லாம் நாம் எங்கே போவது! நமக்கு வாய்த்தது மணிமுத்தாறும் மார்கழியும். அவற்றைக் கொண்டு நானும் என் வகுப்புத் தோழன் ஒருவனும் மெதுவாக ஓடக் கற்றுக்கொண்ட வரலாற்றையே இங்கு எழுத முற்படுகிறேன். மெதுவாக ஓடக் கற்றுக் கொள்வதா என்று நகைக்க வேண்டா. வேகமாக ஓடக் கற்பதைவிட அது கடினமாயிருந்தது.

என் நண்பன் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு முயன்று கொண்டிருப்பவன். எழுத்துத் தேர்வில் தேறியபின் ஆடவர் 1500 மீட்டர் தூரத்தை 7 நிமிடங்களுக்குள் ஓடிக் கடக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் இது பெரிய வேகமன்று. 400 மீட்டர்ச் சுற்று ஒன்றுக்கு 112 விநாடி. நூறு மீட்டருக்கு 28 விநாடி. ஊர்த் திருவிழாவில் நூறு மீட்டரைப் பாய்ந்து கடந்து குடம் பரிசு வாங்கியவனுக்கு இது எம்மாத்திரம் என்றுதான் அவனும் நினைத்தான். முதற்சுற்றை 80 விநாடியில் முடித்தான். இரண்டாம் சுற்றில் நெஞ்சு எரிந்தது. மூன்றாவதில் கால்கள் மரத்தூண் ஆயின. முடித்தபோது 7 நிமிடம் 20 விநாடி. இருபது விநாடியில் ஓராண்டு போயிற்று.

அதன்பின் அவன் செய்ததென்ன? நாள்தோறும் விளையாட்டுத் திடலில் 1500 மீட்டரை உயிரைக் கொடுத்து ஓடினான். ஒரு மாதத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு வலி கண்டது, நேரமோ குறைந்தபாடில்லை. நானும் துணைக்கு ஓடி, துணைக்கு நொண்டினேன்.

எங்களைத் திருத்தியவர் விளையாட்டு ஆசிரியர் அல்லர், நண்பனின் தந்தையார். அவர் பீங்கான் சூளையில் வெந்து முதிர்ந்தவர். நம் ஊருக்குப் பீங்கான் நகர் என்று பெயர் வந்ததற்கு அண்டையிலுள்ள நெய்வேலியும் ஒரு காரணம். அங்கே பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணடுக்குகளில் பீங்கானுக்கு ஏற்ற வெண்களிமண் இருக்கிறது. இங்கே அரசின் தொழிற்பேட்டை அமைந்தது. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் அமைந்தது. பொம்மையும் அகலும் மின்சார பியூஸ் கட்டையும் செய்யும் சிறு பட்டறைகள் பெருகின. அத்தகைய பட்டறைகளில் முப்பது ஆண்டு சூளைக்குத் தீ வைத்தவர் அவர்.

நாங்கள் இருவரும் திண்ணையில் காலுக்குத் தைலம் தேய்த்துக் கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: "சூளையைப் பத்த வெச்ச உடனே ஆயிரத்து இருநூறுக்கு ஏத்தினா என்னாவும் தெரியுமா?"

"சாமான் வெடிச்சுடும்பா."

"பின்ன நீ மட்டும் ஏன் வெடிக்க மாட்டே?"

இதை வேடிக்கைப் பேச்சென்று நினைத்தேன். பின்பு நூலகத்தில் பீங்கான் தொழில் பற்றிய நூலைப் புரட்டியபோது அதிலிருந்த உண்மை விளங்கிற்று. வெயிலில் காய்ந்துவிட்டதாய்த் தோன்றும் களிமண்ணிலும் ஈரம் உண்டு. அது சுமார் 120 டிகிரிக்குள் மெல்ல வெளியேற வேண்டும். விரைந்து சூடேற்றினால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிச் சாமானைப் பிளந்துவிடும். 450 முதல் 600 டிகிரிக்குள் களிமண்ணோடு வேதியல் முறையில் பிணைந்திருக்கும் நீரும் பிரிகிறது. 573 டிகிரியில் கலவையிலுள்ள படிகக்கல்லாகிய குவார்ட்சு திடுமென விரிகிறது. இந்தப் படிகளையெல்லாம் பொறுமையாகக் கடந்த சாமானே 1200 டிகிரிக்கு மேல் எரியும் தீயைத் தாங்கும். ஆறவைப்பதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். இறங்கும் வழியிலும் அந்த 573 குறுக்கே நிற்கிறதல்லவா?

இன்னொன்றையும் அப்பா சொன்னார். சூளைக்குள் வெப்பமானி இருந்தாலும் பழைய ஆட்கள் நம்புவது கூம்பைத்தான். 1886-இல் ஜெர்மானிய வேதியலறிஞர் செகர் வகுத்த முறை அது. குறிப்பிட்ட கலவையாற் செய்த சிறு மண்கூம்பைச் சாமான்களுக்கிடையே நிறுத்தி வைப்பார்கள். உரிய பக்குவம் வந்ததும் அது தலை சாயும். கூம்பு சாய்வது வெப்பத்தின் அளவால் மட்டுமன்று; எவ்வளவு நேரம் அவ்வெப்பத்தில் இருந்தது என்பதையும் சேர்த்துத்தான். "நீங்க கடியாரத்தைப் பாத்து ஓடுறீங்க. கூம்பைப் பாத்து ஓடுங்க" என்றார் அவர். எங்கள் கூம்பு எது என்று கேட்டேன். "பேச்சு. பேச முடியற வரைக்கும் ஓடு. பேச்சு அறுந்தா வேகம் அதிகம்" என்றார்.

அவர் எந்த நூலையும் படித்தவர் அல்லர். ஆயினும் இதே முறையை நியூசிலாந்து நாட்டில் ஆர்தர் லிடியார்டு என்பவர் உலகுக்குக் காட்டியிருக்கிறார். ஆக்லாந்து நகரில் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் அவர். ஆண்டுக்கணக்கில் தம் உடம்பையே ஆய்வுக்கூடமாக்கி ஓடிப் பார்த்தார். பின்பு அண்டையிலிருந்த இளைஞர்களைச் சேர்த்து வாரத்துக்கு 100 மைல், அஃதாவது 160 கிலோமீட்டர் வரை, மூச்சு முட்டாத வேகத்தில் ஓடவைத்தார். 800 மீட்டர் ஓடுபவனும் இதிலிருந்து தப்ப முடியாது. பந்தயம் நெருங்கிய வாரங்களில்தான் விரைவுப் பயிற்சி. 1960-இல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் செப்டம்பர் 2-ஆம் நாள் அவருடைய மாணவர் பீட்டர் சினெல் 800 மீட்டரிலும், இளமையில் அடிபட்டு இடக்கை வலுவிழந்த மரே ஆல்பர்க்கு 5000 மீட்டரிலும் தங்கம் வென்றனர். நான்காண்டு கழித்து டோக்கியோவில் சினெல் 800, 1500 இரண்டையும் வென்றார். 1962-இல் நியூசிலாந்துக்கு வந்த அமெரிக்கப் பயிற்சியாளர் பவர்மன் இந்த மெல்லோட்டத்தைக் கண்டு தம் நாட்டுக்குக் கொண்டு சென்றார். இன்று பூங்காதோறும் ஓடுவோர் அந்த வழியில் வந்தவர்களே.

மெதுவாக ஓடினால் உடலுக்குள் என்ன நடக்கிறது? விலங்கியல் மாணவர்கள் என்னைவிட நன்கறிவர், சுருக்கமாகச் சொல்கிறேன். பேசக்கூடிய வேகத்தில் ஓடும்போது தசைக்கு வேண்டிய உயிர்வளி போதிய அளவு கிடைக்கிறது. கொழுப்பும் எரிபொருளாகப் பெரிதும் பயன்படுகிறது. வாரக்கணக்கில் இவ்வாறு ஓடினால் தசைநார்களைச் சுற்றித் தந்துகிகள் பெருகும். உயிரணுக்களில் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகும். இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் குருதியின் அளவு கூடும். தொடக்கத்திலேயே பாய்ந்தால் உயிர்வளியின் உதவியின்றி ஆற்றலைப் பெறும் குறுக்கு வழியை உடல் நாடுகிறது. அதன் கடனை இரண்டாம் சுற்றில் வட்டியோடு கட்ட வேண்டும். நண்பன் கட்டினான்.

கார்த்திகை மழை ஓய்ந்ததும் தொடங்கினோம். கைக்கடிகாரங்களை வீட்டில் வைத்துவிட்டோம். முதல் வாரம் வெட்கமாயிருந்தது. பால்காரர் மிதிவண்டியில் எங்களை முந்திச் சென்றார். பின்பு சுமையோடு நடந்து சென்ற ஒரு பாட்டியும் ஏறத்தாழ முந்தினார். "என்னா தம்பி, கால்ல முள்ளா?" என்று கேட்டார்கள்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்குத் தனியே நினைவில் நிற்கிறது. விடியற்காலை ஐந்தரை மணி. பழமலைநாதர் கோயிலின் கோபுரங்கள் இருக்குமிடத்தில் வெண்மை ஒன்றே இருந்தது. ஒலிபெருக்கியில் வந்த திருவெம்பாவை எத்திசையிலிருந்து வருகிறதென்று தெரியவில்லை. பத்தடிக்கு அப்பால் நண்பனின் சட்டை தெரிந்தது; முகம் தெரியவில்லை. மணிமுத்தாற்றின் கரையில் இறங்கி, மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் கோயில்வரை சென்று திரும்புவது எங்கள் வழி. ஆற்றோரமாய்ச் சுற்றிப் போனால் போகவர ஏழு கிலோமீட்டர் இருக்கும்.

இத்தனை மூடுபனி எங்கிருந்து வருகிறது? வடகிழக்குப் பருவமழையில் நனைந்த மண் ஈரத்தோடு கிடக்கிறது. மார்கழியில் மேகம் விலகுகிறது. மேகம் என்னும் போர்வை நீங்கிய இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு வீசிவிட்டுக் குளிர்கிறது. நிலத்தைத் தொட்டு நிற்கும் ஈரக்காற்றும் குளிர்ந்து பனிநிலையை அடைந்ததும், அதிலுள்ள நீராவி புல்லில் துளியாகவும் காற்றில் மூடுபனியாகவும் மாறுகிறது. காற்று வேகமாக வீசும் இரவில் இது நடவாது. கதிரவன் எழுந்தபின் மூடுபனி உடனே கலைவதில்லை. சிறிது நேரம் மேலும் தடிப்பதுண்டு. புல்லிலிருந்த பனித்துளி ஆவியாகி அதிலேயே சேர்வது அதற்கொரு காரணம். ஓடுபவனுக்கு இக்காலம் நல்லது. தசையில் எரியும் ஆற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே இயக்கமாகிறது, எஞ்சியது வெப்பம். ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலராதெனினும், குளிர்காற்று அவ்வெப்பத்தை வாங்கிக் கொள்கிறது. போகியன்று மட்டும் ஓட வேண்டா. பழம்பாயும் டயரும் எரிந்த புகை மூடுபனிக்கடியில் தங்கி நெஞ்சை அடைக்கும். இக்காலத்தில் நெடுஞ்சாலையில் ஓடுவதும் அறிவுடைமையன்று. லாரி ஓட்டுநருக்கு நாம் தெரிய மாட்டோம்.

ஆற்றில் வெள்ளம் வடிந்து புதுமணல் படிந்திருந்தது. இரவு முழுதும் எவரும் நடக்கவில்லை. ஒரு கொக்கின் காலடி மட்டும் கோடாய்ச் சென்றது. எங்கள் படைவீரர் சொன்ன புதுப்பனி இதுதானோ என்று எண்ணினேன். கால் புதைந்தது, ஓசை எழவில்லை. வேகமாகப் போக வேண்டுமென்றாலும் மணல் விடவில்லை. மணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையில் ஓடுவதைவிட 1.6 மடங்கு ஆற்றல் செலவாகும் என்று பெல்ஜியம் நாட்டு உடலியலார் 1998-இல் அளந்து வெளியிட்டிருக்கின்றனர். நடப்பதற்கோ 2.1 முதல் 2.7 மடங்காம். ஆகவே மணலில் கடிகாரம் பொய் சொல்லும்; பேச்சு பொய் சொல்லாது. அடியைக் குறுக்கி, பாதத்தை முழுதும் பதித்து, தோளைத் தளர்த்தி ஓடினோம்.

மூன்று ஆண்டுகளாக ஒரே பெஞ்சில் அமர்ந்தும் அவன் எனக்குச் சொல்லாதவற்றை அன்று சொன்னான். முகம் தெரியாத பனி அதற்குத் துணையாயிருந்திருக்கலாம். தந்தைக்கு இரண்டாண்டாக இருமல். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மருத்துவர் எக்சு-ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, நுரையீரலில் மண்தூசி என்றாராம்.

பீங்கான் மண்ணில் கலக்கும் படிகக்கல்லை மாவாக அரைப்பார்கள். அதன் மிக நுண்ணிய தூசி கண்ணுக்குத் தெரியாது. மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் காற்று நுண்ணறைவரை சென்றுவிடும். அங்கே தழும்பு கட்டும். சிலிக்கோசிசு என்று அதற்குப் பெயர். ஏற்பட்ட தழும்பை மாற்ற மருந்தில்லை. வராமல் காப்பதே வழி. தூசி பறக்காமல் நீர் தெளித்து வேலை செய்வதும், காற்றை வெளியே இழுக்கும் விசிறி வைப்பதும், துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பதும், உரிய முகக்கவசம் அணிவதும் அதற்கான முறைகள். தோளில் கிடந்த துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டது மட்டுமே அவர் அறிந்த காப்பு. அது நுண்தூசியைத் தடுக்காது.

"ரெண்டு பையன்ல ஒருத்தனையும் பட்டறைக்குள்ள விட மாட்டேன்னு சொல்லிட்டாரு. அம்மா கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டிட்டு வந்திருக்கு. இந்த வாட்டியும் போச்சுன்னா..." என்று சொல்லிக்கொண்டு வந்தவனின் பேச்சு நின்றுவிட்டது.

பேச்சு அறுந்தால் வேகம் அதிகம் என்பதல்லவா எங்கள் விதி? நான் உடனே வேகத்தைத் தணித்தேன். அவனும் தணிந்தான். சிறிது தூரம் சென்றபின்தான் அது வேகத்தால் அறுந்த பேச்சன்று என்பது எனக்கு உறைத்தது. என்ன சொல்வதென்று தெரியாமல் பக்கத்திலேயே ஓடினேன். நம் கல்லூரியின் பெயருக்குரிய அந்தக் கொளஞ்சியப்பர் கோயிலின் விளக்கு வெளிச்சம் பனியில் மஞ்சளாய்க் கரைந்து தெரியும்வரை இருவரும் பேசவில்லை. திரும்பும்போது அவனே ஏதோ ஒரு திரைப்படத்தைப் பற்றிப் பேச்சைத் தொடங்கினான்.

தை பிறந்தபின் வாரத்துக்கு இருநாள் மட்டும் திடலில் 400 மீட்டரை 105 விநாடியில் ஓடிப் பழகினோம். அதற்கு மேல் ஒரு விநாடியும் விரைவதில்லை என்று உறுதி செய்துகொண்டோம். எஞ்சிய நாள்களில் ஆற்றுமணல்தான். எலும்பு வலி போன இடம் தெரியவில்லை. தொடக்கத்தில் பாட்டியோடு போட்டியிட்ட அதே மூச்சில், பால்காரரின் மிதிவண்டியோடு சிறிது தூரம் கூடவே போக முடிந்தது. நாங்கள் முயன்று வேகத்தைக் கூட்டவில்லை, அது கூடியிருந்தது.

பின்பனிக் காலத்தில் அவனுக்கு மறுபடியும் ஓட்டத் தேர்வு வந்தது. முதற்சுற்றில் அவனுக்கு முன்னால் பலர் சென்றார்களாம். இரண்டாம் சுற்றிலும் சிலர். "வாய்க்குள்ளயே பேசிக்கிட்டு ஓடினேன்டா" என்றான். 6 நிமிடம் 34 விநாடி. கயிறு ஏறுதலும் நீளத் தாண்டுதலும் முடித்துவிட்டான். இதை எழுதும் நாள்வரை இறுதிப் பட்டியல் வரவில்லை.

அன்று மாலை அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா இருவருக்கும் காப்பி கொடுத்தார். அப்பா கட்டிலில் தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்திருந்தார். மகன் நேரத்தைச் சொன்னதும் தலையசைத்தார். இருமல் அடங்கும்வரை காத்திருந்து, "மொத சுத்து எவ்வளவு?" என்றார்.

"நூத்தி ஆறு செகண்டுப்பா."

"கடைசிச் சுத்து?"

"அதுவும் அப்படித்தான்."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார், பிறகு மகனைப் பார்த்துக் கேட்டார்: "ஓடி முடிச்ச உடனே உக்காந்துட்டியா, ஆற விட்டியா?"